அட்டையும் கத்தியும்: கட்டடக்கலை மாணவர்க்கு மாதிரி செய்யக் கற்பித்தல்



மொழி மன்றத்தின் பொழிவு வரிசையில் கட்டடக்கலை வகுப்பறையைப் பற்றிப் பேச வாய்ப்பளித்தமைக்கு முதற்கண் நன்றி கூறுகிறோம். இலக்கியமும் இலக்கணமும் ஒலித்துப் பழகிய மேடையில் அட்டையையும் பசையையும் பற்றிப் பேசுவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆயினும் எங்கள் வேலை தொடங்கும்போதே ஒரு சொல்லில் தடுக்கி நிற்கிறது. அந்த வகையில் இம்மேடை எங்களுக்கு ஏற்ற மேடைதான். அச்சொல் 'மாதிரி'.

துணிக்கடையில் ஒரு சிறு துண்டைக் காட்டி 'இதுதான் மாதிரி' என்கிறார்கள். பேச்சு வழக்கில் 'அப்பா மாதிரியே நடக்கிறான்' என்கிறோம். அங்கே அச்சொல் உவம உருபின் வேலையைச் செய்கிறது. பின்பற்றத் தக்கவரை முன்மாதிரி என்கிறோம். இம்மூன்று வழக்கிலும் மூலம் ஒன்று முன்னரே இருக்கிறது. அதற்கு ஈடாகவோ அதனை ஒத்தோ மாதிரி நிற்கிறது. கட்டடக்கலை மாணவர் ஒரு பருவத்தின் மூன்றாம் வாரத்தில் செய்யும் மாதிரிக்கு அத்தகைய மூலம் கிடையாது. கட்டடம் தரையிலும் இல்லை, தாளிலும் இல்லை, அவருடைய மனத்திலும் இன்னும் முழுமையாக இல்லை. எதனைப் போல அந்த மாதிரி இருக்க முடியும்? ஆகவே எங்கள் வகுப்பறையில் இரண்டு பெயர்களைப் பயன்படுத்துகிறோம். முடிவெடுத்த பின் பிறருக்குக் காட்டுவதற்காகச் செய்வது காட்சி மாதிரி. முடிவெடுப்பதற்காகச் செய்வது தேடல் மாதிரி. மன்றத்தார் இதனினும் நல்ல சொல் தந்தால் மகிழ்ந்து ஏற்போம். இன்றைய உரை பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது.

முதலாவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். சிங்கப்பூரில் மெக்ஸ்வெல் சாலையில் உள்ள நகர மறுசீரமைப்பு ஆணையக் கட்டடத்தில், நகரக் காட்சிக்கூடத்தின் நடுவே மத்திய வட்டாரத்தின் பெரிய மாதிரி இருக்கிறது. அதன் அளவு விகிதம் 1:400. நிலத்தின் 400 மீட்டர் அங்கே ஒரு மீட்டர். 280 மீட்டர் உயரமுள்ள ரிப்பப்ளிக் பிளாசா அந்தக் கணக்கில் 70 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. நம் இடுப்புக்குக்கூட எட்டாத கோபுரம். பள்ளி மாணவர்கள் அதனைச் சுற்றி நின்று தங்கள் தெருவைத் தேடும் காட்சி இனியது. நகரம் என்பது ஒருவர் வீட்டுக்கும் அடுத்தவர் வீட்டுக்கும் இடையிலுள்ள உறவு என்பதை அங்கே விளக்கவுரை இல்லாமலே கண்டுகொள்ளலாம்.

தொல்லை அதன் பிறகு வருகிறது. அத்தகைய மாதிரியைப் பார்த்துத் திரும்பும் முதலாண்டு மாணவர், தாமும் முதல் நாளே அவ்வளவு நேர்த்தியாகச் செய்ய வேண்டும் என்று எண்ணுகிறார். விளிம்பில் பசை தெரியக் கூடாது, மரங்கள் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், சாளரங்களுக்குக் கண்ணாடி போன்ற தகடு வேண்டும். இரண்டு வாரம் உழைத்து அழகிய பொருள் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறார். 'இந்தச் சுவரை இரண்டு மீட்டர் பின்னுக்குத் தள்ளினால் என்ன ஆகும்?' என்று கேட்கிறோம். அவர் முகம் வாடுகிறது. வெட்டினால் அழகு கெடும். வெட்டாவிட்டால் கேள்விக்கு விடையில்லை. தமிழாசிரியர்களுக்கு இது தெரிந்த நிலைமைதான். கட்டுரையின் முதல் வரியிலிருந்தே திருந்திய படியாக எழுதத் தொடங்கும் மாணவர், அடித்தல் விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில் இரண்டாவது எண்ணத்தையே விட்டுவிடுவார் அல்லவா?

இவ்வச்சம் இன்று பிறந்ததன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியில் கட்டடக்கலை நூல் எழுதிய ஆல்பெர்ட்டி இதனைப் பற்றித் தெளிவாகவே பேசியிருக்கிறார். வண்ணமும் மினுக்கும் பூசிய மாதிரி பார்ப்பவர் கண்ணை மயக்கி, ஆராய வேண்டியவற்றிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடும். மாதிரி எளிமையாகவும் பூச்சற்றும் இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. செய்தவரின் கைவண்ணத்தைவிட எண்ணியவரின் எண்ணமே அதில் தெரிய வேண்டும் என்றார். அவர் காலத்திலேயே பிளாரன்ஸ் நகரத் தேவாலயத்தின் மாபெரும் குவிமாடத்தை எழுப்பியவர் புருனெல்லெஸ்கி. 1418ஆம் ஆண்டு அதற்கென நடந்த போட்டிக்கு அவர் செங்கல்லாலேயே ஒரு மாதிரி கட்டினார். அடியில் மரச்சாரத்தின் தாங்கல் இல்லாமலே குவிமாடத்தைக் கட்டி மேலேற்ற முடியும் என்று அந்த மாதிரி காட்டியது. பார்ப்பவர் கேட்ட 'முடியுமா?' என்ற கேள்விக்கு அதுவே விடையாக நின்றது. அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய மனெட்டி இன்னொரு செய்தியையும் தருகிறார். கல்லை எப்படிச் செதுக்க வேண்டும் என்று கொத்தனார்களுக்கு விளக்க, களிமண்ணிலும் மெழுகிலும் மரத்திலும் மட்டுமின்றி, குளிர்காலத்தில் சந்தைக்கு வரும் பெரிய டர்னிப் கிழங்குகளிலும் அவர் மாதிரி வெட்டிக் கொடுத்தாராம். இச்செய்தியை எங்கள் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறோம். ஐரோப்பாவின் ஒப்பற்ற குவிமாடங்களுள் ஒன்றுக்குக் கிழங்கு போதுமானதாக இருந்திருக்கிறது. பிஸ்கட் பெட்டியின் அட்டையைக் கண்டு நாம் கூச வேண்டியதில்லை.

மறுபுறத்துக்கு இலண்டன் நகரத்துப் புனித பவுல் பேராலயத்தை எடுத்துக்கொள்ளலாம். கிறிஸ்டோபர் ரென் 1673-74ஆம் ஆண்டுகளில் அதற்காகச் செய்வித்த ஓக் மர மாதிரி இன்றும் அப்பேராலயத்திலேயே இருக்கிறது. ஆறு மீட்டருக்கும் மேற்பட்ட நீளம்; ஆள் உள்ளே நின்று கூரையின் உட்புறத்தை அண்ணாந்து பார்க்கலாம். அதற்குப் 'பெரிய மாதிரி' என்றே பெயர் வழங்குகிறது. ஆனால் திருச்சபையாருக்கு அவ்வடிவம் ஒப்பவில்லை. இன்று நாம் காணும் பேராலயம் வேறு வடிவில் எழுந்தது. அதன் பின் பொதுவில் மாதிரி காட்டுவதையே ரென் தவிர்த்துவிட்டதாக அவர் குடும்பத்தார் தொகுத்த நூல் கூறுகிறது. அவ்வளவு முற்றுப்பெற்ற பொருளின் முன் நிற்பவருக்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்பதைத் தவிர வேறு விடை எஞ்சுவதில்லை என்று நமக்குத் தோன்றுகிறது.

இனி வகுப்பறைக்கு வருவோம். தொடக்கப் பயிற்சிக்கு ஜெர்மனியின் பௌஹௌஸ் பள்ளியில் ஜோசப் ஆல்பெர்ஸ் நடத்திய பாடத்தை நாங்கள் பின்பற்றுகிறோம். அவர் மாணவர்களுக்குச் செய்தித்தாள்களைக் கொடுத்து, அப்போதிருப்பதைவிடக் கூடுதலான எதையாவது அவற்றிலிருந்து செய்யுங்கள் என்பாராம். தாள் வீணாகக் கூடாது. மாணவர்கள் கோட்டையும் விமானமும் விலங்கும் செய்துவைத்தபோது, இவற்றை வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்யலாமே என்று ஒதுக்கிவிட்டு, நீளவாக்கில் மடித்துச் சும்மா நிமிர்த்தி வைத்த ஒரு தாளைப் பாராட்டினார் என்று அவரிடம் பயின்றவர் எழுதியிருக்கிறார். படுத்துக் கிடந்த தாள் ஒரு மடிப்பால் எழுந்து நிற்கிறது. தாளுக்கு இயல்பான வலிமை அதில் வெளிப்பட்டது. கோட்டையில் அது வெளிப்படவில்லை. நம் மாணவர்களிடம் நாளிதழைக் கொடுத்தாலும் முதல் நாள் கோட்டைதான் வருகிறது. இரண்டாம் வாரத்தில் மடிப்பு வரும்.

அடுத்தது அளவு விகிதம். கணினித் திரையில் வரையும் மாணவருக்கு இது பெரும் இடர்ப்பாடு. சுட்டியை உருட்டினால் கதவுக் கைப்பிடி திரையை நிறைக்கும்; மீண்டும் உருட்டினால் தீவு முழுவதும் தெரியும். எந்த நொடியிலும் கட்டடம் எவ்வளவு பெரியது என்பதை உடல் அறிவதில்லை. அட்டை அவ்வாறு ஏமாற்றாது. இரண்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள சாம்பல் அட்டையை 1:50 அளவில் சுவராக நிறுத்தினால் அது 10 சென்டிமீட்டர் சுவர். அதே அட்டை 1:100 அளவில் 20 சென்டிமீட்டர் சுவராகிவிடும். அட்டையைத் தேர்ந்தெடுக்கும்போதே சுவரையும் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை முதன்முறை கேட்கும் மாணவர் சற்று நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே எங்களிடம் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. எந்த மாதிரியாயினும் அதே அளவு விகிதத்தில் ஓர் ஆளின் உருவைத் தாளில் வெட்டி உள்ளே நிறுத்த வேண்டும். 1:50 அளவில் 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் 3.2 சென்டிமீட்டர். அந்தச் சிறு பெண்மணி நிற்கும்வரை பேச்சைத் தொடங்குவதில்லை.

உடலால் அளப்பது நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. மலாய் மரபு வீடுகளை எழுப்பிய தச்சர்கள் ஜெங்கால், ஹஸ்தா, டெபா என்ற உடலளவுகளைப் பயன்படுத்தினர். நம் சாண், முழம், பாகம் ஆகியவற்றுக்கு அவை நிகரானவை. 'ஹஸ்தா' என்ற சொல் வடமொழியிலிருந்து மலாய்க்குச் சென்றது என்பதையும் மொழி மாணவர்கள் கவனிக்கலாம். நம் தச்சர்களின் முழக்கோலும் அதே குடும்பம். மலேசியக் கட்டடக்கலைப் பள்ளிகளில் பழைய மர வீடுகளை நேரில் அளந்து, வரைந்து, அவற்றுக்கு மாதிரியும் செய்யும் பாடம் பல்லாண்டுகளாக நடந்துவருகிறது. தூணில் துளையிட்டு உத்தரத்தைச் செருகும் இணைப்பை விரிவுரையில் பத்து முறை கேட்பதும், அதே இணைப்பைச் சிறு மரத்தில் தம் கையால் செருகிப் பார்ப்பதும் ஒன்றாகா. துளை ஒரு மயிரளவு பெரிதானால் தூண் ஆடும். இங்கே மூலம் இருக்கிறது, ஆதலால் இது உண்மையான மாதிரி என்று இலக்கண ஆசிரியர்கள் மகிழலாம்.

நாங்கள் மிகுதியான நேரம் செலவிடும் பயிற்சி கடைவீட்டைப் பற்றியது. சிங்கப்பூரில் 1822ஆம் ஆண்டின் நகரத் திட்டத்துக்காக ராபிள்ஸ் விதித்த நெறிகளில், கடைகளின் முன் கூரையிட்ட நடைபாதை தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதும் ஒன்று. ஐந்தடிப் பாதை என்று நாம் இன்றும் சொல்வது அதனால் வந்ததே. கடைவீட்டின் முகப்பு ஐந்து ஆறு மீட்டருக்கு மேல் போவது அரிது. ஆழமோ அதனைப் போலப் பன்மடங்கு. இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர். நடுவில் இருள் சூழாமல் இருக்க வானம் நோக்கித் திறந்த முற்றம் ஒன்றை வைத்தனர். இதனை வரைபடத்தில் பார்க்கும் மாணவருக்கு அது தளவமைப்பில் ஒரு சிறு வெண்சதுரம், அவ்வளவுதான்.

இப்போது அதே வீட்டை 1:50 அளவில் அட்டையில் செய்து, ஒரு பக்கச் சுவரை மட்டும் கழற்றக்கூடியதாக வைக்கச் சொல்கிறோம். அறையின் விளக்குகளை அணைத்து, கைவிளக்கைச் சூரியனாகப் பிடிக்கிறோம். இங்கே ஒரு செய்தி. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றரைப் பாகைக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. ஜூன் மாத நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே ஏறத்தாழ 22 பாகை சாய்ந்திருக்கும். டிசம்பரில் தெற்கே ஏறத்தாழ 25 பாகை சாய்ந்திருக்கும். குளிர்நாட்டுப் பாடநூல்களைப் படித்த மாணவர்கள் வெயில் தெற்கிலிருந்தே வரும் என்று மனப்பாடமாக வைத்துக்கொண்டு, வடக்குச் சுவரைக் காப்பில்லாமல் திறந்துவிடுகிறார்கள். கைவிளக்கை வடக்குப் பக்கம் கொண்டுபோனதும் அச்சுவரில் வெயில் விழுகிறது. மறுத்துப் பேச இடமில்லை. பிறகு விளக்கை முற்றத்துக்கு நேர் மேலே உயர்த்துகிறோம். ஒளி நேராக இறங்கித் தரையில் படுகிறது. அங்கிருந்து வெண்சுவரில் தெறித்து உள்ளறை வரை மங்கலாகப் பரவுகிறது. முற்றத்தின் சுவரைச் சற்றே உயர்த்தினால் அவ்வொளி சுருங்குகிறது. அட்டைக்குக் கறுப்புத் தாள் ஒட்டினால் உள்ளறை அணைந்தே போகிறது. ஒரு மாணவி சுவரை உயர்த்துவதும் வெட்டித் தாழ்த்துவதுமாக ஒரு மாலையில் ஏழு முறை மாற்றினார். இறுதியில் அவர் மாதிரி பார்ப்பதற்கு ஒட்டுப்போட்ட சட்டையைப் போல இருந்தது. அந்த வகுப்பிலேயே முற்றத்தைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசியவர் அவர்தான்.

கூரைக்கும் இத்தகைய எளிய சோதனை உண்டு. ஒரு சிறு கோலிக்குண்டை உச்சியிலிருந்து உருட்டிவிட்டால் மழைநீர் எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்துவிடும். குண்டு இரு கூரைகளுக்கிடையே சிக்கி நின்றால், நம் நாட்டு மழையில் அவ்விடம் ஒழுகும். படிக்கட்டைப் பற்றி நீட்டிப் பேச வேண்டாம், 2.8 மீட்டர் ஏற 17.5 சென்டிமீட்டர் உயரத்தில் 16 படிகள் வேண்டும் என்பது எளிய வகுத்தல் கணக்கு. ஆனால் அந்தத் தாள் பெண்மணியைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகும்போது பதினோராம் படியில் அவர் தலை உத்தரத்தில் இடிப்பதைக் கணக்கு சொல்லாது.

சில வேளைகளில் மாதிரியே கணக்கிடும். பார்சலோனாவுக்கு அருகே கொலோனியா குவெல் என்ற ஊரின் தேவாலயத்துக்காக அந்தோனி கௌடி ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்து, 1:10 அளவில் நூல்களைத் தொங்கவிட்டு, சுமைக்கு ஈடாக ஈயக்குண்டுப் பைகளைக் கட்டினார். சுமையால் நூல் எந்த வளைவில் தொங்குகிறதோ, அதைத் தலைகீழாக்கினால் கல் நிற்க வேண்டிய வளைவு கிடைக்கும். தேவாலயத்தின் கீழ்மண்டபம் மட்டுமே கட்டி முடிந்தது. நம் மாணவர்கள் நூலும் காகிதப்பிடிப்பானும் கொண்டு ஒரு மணி நேரத்தில் இதன் சிறு வடிவத்தைச் செய்துவிடுகிறார்கள். புகைப்படம் எடுத்துக் கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பும்போது எழும் ஒலி, ஆசிரியப் பணியில் கிடைக்கும் நல்ல ஊதியங்களுள் ஒன்று.

'லேசர் வெட்டுப்பொறியும் முப்பரிமாண அச்சுப்பொறியும் வந்துவிட்ட காலத்தில் கத்தி எதற்கு?' என்று பெற்றோரும், சில வேளை நிருவாகத்தாரும் கேட்கிறார்கள். அப்பொறிகளுக்கு நாங்கள் பகைவரல்லோம். ஒரே அளவான நூறு சாளரங்களை வெட்ட அவற்றுக்கு நிகரில்லை. ஆனால் பொறியிடம் கொடுக்கும் முன் ஒவ்வொரு கோட்டையும் முடிவு செய்தாக வேண்டும். அதன் பிறகு வரிசையில் காத்திருக்க வேண்டும். அச்சு முடியும்வரை மாணவருக்குப் புதிய எண்ணம் வந்தாலும் பயனில்லை. கத்தி பிடித்தவரோ பாதி வெட்டியதும் நின்று, 'இன்னும் சற்று அகலமாக இருந்தால்?' என்று தம்மையே கேட்க முடியும். எனவே பருவத்தின் முன்பாதியில் கத்தியும், பின்பாதியில் வேண்டுவோர்க்குப் பொறியும் என்று வைத்திருக்கிறோம். பட்டறைக்குரிய அறைகள் சுருங்கிவரும் இக்காலத்தில் முன்பாதிக்கு வேண்டியது மேசையும் நல்ல வெளிச்சமும் மட்டுமே என்பதை நிருவாகத்தாருக்கும் சொல்லி வைக்கிறோம்.

மதிப்பெண்ணைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். நேர்த்திக்கு மதிப்பெண் கொடுத்தால் மாணவர்கள் நேர்த்திக்கே உழைப்பார்கள்; அதில் அவர்கள் குற்றம் ஏதுமில்லை. இறுதி மதிப்பீட்டுக்கு முந்திய இரவுகளில் உறக்கமில்லாமல் கத்தி பிடிப்பதும், விரல் வெட்டுப்பட்டு மருந்தகம் செல்வதும் கட்டடக்கலைப் பள்ளிகளில் வீரக்கதையாகப் பேசப்படுகின்றன. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு வெட்டப்படும் அட்டையில் எந்த எண்ணமும் சோதிக்கப்படுவதில்லை. முன்னரே முடிந்த எண்ணத்துக்கு அலங்காரம் நடக்கிறது. ஆகையால் மதிப்பீட்டு நாளில் முடிந்த மாதிரியோடு, வெட்டித் திருத்திக் கைவிட்ட மாதிரிகளையும் வரிசையாக வைக்கச் சொல்கிறோம். எது ஏன் கைவிடப்பட்டது என்று மாணவர் விளக்க வேண்டும். அவ்விளக்கத்துக்கே பெரும்பகுதி மதிப்பெண்.

இதில் பணமும் இருக்கிறது. பால்சா மரமும் இறக்குமதி அட்டையும் மலிவானவை அல்ல. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் மாதிரி வெண்மையாகப் பளிச்சிட, பகுதிநேர வேலை பார்த்துப் படிக்கும் பிள்ளை தம்முடையதை மேசையின் கீழ் வைத்திருந்ததைக் கண்டிருக்கிறோம். அதன் பின் முதல் ஆறு வாரங்களுக்குப் பொருள் வாங்கக் கூடாது என்று விதித்தோம். கடைகளில் மடித்துக் கட்டி வெளியே வைக்கும் பெட்டி அட்டை, பழைய நாளிதழ், வெள்ளைப் பசை, கத்தி, எஃகு அளவுகோல் ஆகியவையே அனைவருக்கும். இப்போது மேசைமேல் எல்லாம் ஒரே பழுப்பு நிறம். யாருடைய முற்றத்தில் ஒளி நன்றாக இறங்குகிறது என்பதே பேச்சாக இருக்கிறது.

பருவம் முடிந்ததும் மாணவர்கள் அவற்றைப் பிரித்து, பயன்படும் அட்டைகளை அடுத்த ஆண்டு மாணவர்களுக்காக அலமாரியில் அடுக்கிவிட்டுச் செல்கிறார்கள். அவற்றுள் நான்கைப் பிரிக்காமல் இன்று கொண்டுவந்திருக்கிறோம். மண்டபத்தின் பின்புறம், கைவிளக்கோடு இருக்கின்றன. பள்ளி ஆசிரியர்கள் தம் மாணவர்களோடு வந்து சுவர்களைக் கழற்றிப் பார்க்கலாம். கேள்விகளை அங்கேயே பேசுவோம்.